கண்டென்சரைக் கெடுப்பது சூடா, சும்மா கிடப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் டிவி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் திருத்தும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது வருடமாகிறது. மேசை ஓரத்தில் ஒரு பால்மா டின் இருக்கும். கழற்றிப் போடும் பழைய கண்டென்சர்கள் எல்லாம் அதில்தான் விழும். சாமான் கொண்டுவருகிறவர்கள் அந்த டின்னைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தேநீர் ஆறும்வரை விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

கண்டென்சர், கெப்பாசிட்டர், கொள்ளளவி எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். கடையில் கண்டென்சர், பாடப்புத்தகத்தில் கொள்ளளவி. மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்து, வேண்டும்போது விடும் சாமான். கண்டென்சரில் பல ஜாதி உண்டு. இங்கே பேசுவது எலெக்ட்ரோலைட்டிக் வகையைப் பற்றி மட்டும்: பிளாஸ்டிக் உறை போட்ட, சின்ன டின் மாதிரி நிற்கும், பக்கத்தில் கழித்தல் குறியோடு ஒரு கோடு ஓடும் அந்தச் சாமான். மற்ற வகைகள் இவ்வளவு சீக்கிரம் வயசாகாது.

அதற்குள் அப்படி என்ன இருக்கிறது?

டின்னிலிருந்து ஒன்றை எடுத்து அறுத்துக் காட்டுவேன். மேலுறை அலுமினியம். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே ஈரமான காகிதம், எல்லாம் சேர்த்துப் பீடி மாதிரிச் சுருட்டியிருக்கும். ஒரு தாளின் மேல் மின்சாரத்தால் வளர்த்த அலுமினியம் ஒக்சைட்டுப் படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிற்பது அந்தப் படலம்தான். ஒரு வோல்ட்டைத் தாங்கச் சுமார் 1.4 நனோமீற்றர் தடிப்புப் போதும் என்பார்கள். 400 வோல்ட் கண்டென்சரில்கூட அது ஒரு மைக்ரோனைத் தாண்டாது. காகிதத்தில் ஊறியிருக்கும் திரவம்தான் எலெக்ட்ரோலைட். அது படலத்தின் ஒவ்வொரு குழிக்குள்ளும் போய்த் தொட்டுக்கொண்டு நிற்கும், படலம் எங்காவது பழுதானால் அதை மறுபடி வளர்க்கவும் உதவும். கம்பிகள் வெளியே வரும் அடிப்பக்கத்தை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: படலம், திரவம், ரப்பர் மூடி. சூடு திரவத்தைக் குறைக்கிறது. சும்மா கிடப்பது படலத்தைக் கெடுக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய். கடைக்கு வருகிற குழப்பத்தில் பாதி, இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

சூடு எப்படிக் கெடுக்கிறது?

ரப்பர் காற்றுப் புகாத மூடி மாதிரித் தெரிந்தாலும் அதன் வழியே திரவத்தின் ஆவி மெல்ல மெல்லக் கசியும். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். ஊறுகாய்ப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். காகிதம் காயக் காய, கண்டென்சரின் உள்தடை ஏறும். தொழிலில் அதை ஈ.எஸ்.ஆர். என்போம். உள்தடை ஏறினால் உள்ளே ஓடும் அலைமின்னோட்டம், அதாவது அலை மாதிரி ஏறி இறங்கும் மின்னோட்டம், அங்கேயே சூடாக மாறும். அந்தச் சூடு இன்னும் காய வைக்கும். அதனால்தான் ஐந்து வருடம் நன்றாக ஓடிய டிவி கடைசி இரண்டு மாதத்தில் மளமளவென்று கெட்டுப்போகிறது.

காய்ந்துபோன கண்டென்சருக்கு வைத்தியம் கிடையாது. போன திரவம் திரும்பி வராது. மாற்றத்தான் வேண்டும்.

உறையில் “105” என்று போட்டிருக்கிறது, ஆயுள் 2000 மணித்தியாலம் என்கிறார்கள். 2000 மணி என்றால் மூன்று மாதம்கூட இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கணக்கு மாஸ்டர். 2000 மணி என்பது 83 நாள்தான், சரி. ஆனால் அது 105 பாகை செல்சியஸில், சொல்லப்பட்ட அலைமின்னோட்டம் முழுதாக ஓடும்போது உள்ள ஆயுள். அத்தனை நேரம் தாண்டினால் வெடித்துவிடும் என்று பொருளில்லை. கொள்ளளவோ (எவ்வளவு பிடித்து வைக்கும் என்ற அளவு) உள்தடையோ, தயாரித்தவர் தரவுத்தாளில் சொன்ன எல்லையைத் தாண்டலாம், அவ்வளவுதான்.

நடைமுறைக் கணக்கு இது: வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் இரு மடங்கு. 105ல் 2000 மணி என்றால் 95ல் 4000, 85ல் 8000, 75ல் 16,000, 65ல் 32,000. அந்த 32,000 மணி, இரவு பகலாக ஓடினால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 45 பாகையில் 1,28,000 மணி, அதாவது பதினான்கு வருடத்துக்கும் அதிகம். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. அதற்குள் ரப்பரே முதுமையடைந்துவிடும்.

இப்போது 85 பாகை போட்ட, அதே 2000 மணிக் கண்டென்சரை 65 பாகை இடத்தில் வையுங்கள். 8000 மணி. பதினொரு மாதம். கடையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு பிளேன்டீக் காசுகூட வராது. 85 போட்டதை நான் வாங்குவதில்லை.

நம்ம ஊர்தான் குளிராயிற்றே. கொழும்பில் இருப்பதைவிட இங்கே சாமான் அதிக காலம் உழைக்குமா?

உழைக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், வருடச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. கொழும்பில் 27, 28. வித்தியாசம் பத்துப் பாகைக்குக் கொஞ்சம் மேல். மேலே சொன்ன கணக்குப்படி அதே டிவி, அதே பாவனை, ஏறக்குறைய இரு மடங்கு ஆயுள். உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிவு, சூட்டை எடுத்துச்செல்வது சற்றுக் குறையும். ஆனாலும் குளிர் தரும் இலாபம் அதைவிடப் பெரிது.

ஆனால் கண்டென்சருக்குத் தெரிவது ஊரின் குளிர் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் சூடு. அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். லயத்து வீட்டில் டிவிக்கு மேல் பூப்போட்ட துணி, அதன் கீழே டிஷ் பெட்டி, பக்கத்தில் ரௌட்டர், மூன்றும் ஒரே தட்டில். காற்று வருகிற ஓட்டைகளில் விறகடுப்புக் கரியும் தூசியும் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஒரு தடவை தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த டிஷ் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே சூட்டுக்காக வந்து தங்கிய கரப்பான் குடும்பமே இருந்தது. கரப்பான் சும்மா வராது, அங்கே கதகதப்பு இருந்தால்தான் வரும்.

குளிரும் என்று குழந்தைக்குப் போர்த்தலாம். டிவிக்குப் போர்த்த வேண்டாம்.

ஜனவரி மாதம் காலையில் டிவி வருவதே இல்லை. பத்து மணிக்கு மேல் தானாக வருகிறது. பேயா?

இது மலையகத்துக்கென்றே உள்ள வியாதி. கொழும்பில் திருத்துகிறவர்கள் இதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

போன தை மாதம் ஒருவர் நுவரெலியாவிலிருந்து ஒரு டிவியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். காலையில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கும், படம் வராது, வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்றார். கடையில் போட்டால் அழகாக வேலை செய்தது. பஸ்ஸில் வந்ததில் சூடேறிவிட்டது போல. அவருக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது, முகத்தில் தெரிந்தது. “ராத்திரி இங்கேயே இருக்கட்டும் அண்ணே” என்றேன். யன்னல் ஓரமாக, பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டேன். சிவப்பு விளக்கு மினுக்கியது, படம் இல்லை. தலைமயிர் காய வைக்கும் டிரையரை எடுத்து, பவர் போர்டில் சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கு ஒட்டினாற்போல நின்ற ஒரு சின்னக் கண்டென்சருக்கு மட்டும் ஒரு நிமிடம் சூடு காட்டினேன். டக்கென்று படம் வந்தது. கொள்ளளவு 22 மைக்ரோஃபரட், 50 வோல்ட். கழற்றி அளந்தால் உள்தடை 14 ஓம். புதியதில் ஒரு ஓம் அளவுதான் வந்தது. பார்வைக்கு அது புதிது மாதிரியே இருந்தது. ஊதவும் இல்லை, ஒழுகவும் இல்லை.

நடந்தது இதுதான். திரவம் குளிரில் கெட்டியாகும், அதற்குள் அயனிகள் நகர்வது மந்தமாகும், உள்தடை பல மடங்கு ஏறும். நல்ல கண்டென்சர் அதைத் தாங்கும். பாதி காய்ந்தது தாங்காது. அதாவது அதைக் கெடுத்தது வருடக்கணக்கான சூடு, காட்டிக்கொடுத்தது ஒரு நாள் குளிர். காலையில் தாமதமாக எழும்பும் சாமானை அப்போதே கொண்டுவந்தால் சின்னச் செலவோடு போகும். ஆறு மாதம் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் ட்ரான்சிஸ்டரையும் ஐ.சி.யையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சும்மா கிடந்தால் ஏன் கெட வேண்டும்? ஓடினால்தானே தேயும்?

சைக்கிள் செயின் துரு பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. வோல்டேஜ் இருக்கும்வரை அந்த ஒக்சைட்டுப் படலம் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். எங்கே மெலிகிறதோ அங்கே ஒரு பொட்டு மின்னோட்டம் கசிந்து புதுப் படலத்தை வளர்க்கும். வோல்டேஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் திரவத்தில் உள்ள நீர் படலத்தை மெல்ல அரிக்கும், இளக்கும், பழுதுபார்க்க யாரும் இல்லை. அப்புறம் திடீரென்று முழு வோல்டேஜையும் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் அளவுக்கு மீறி ஓடும். உள்ளே சூடு, வாயு, அழுத்தம். சில வேளை வெடி.

நல்ல செய்தி: இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு. படலத்தை மெதுவாக மறுபடி வளர்க்கலாம். திரவம் மிச்சமிருந்தால் போதும்.

எவ்வளவு நாள் சும்மா கிடக்கலாம் என்றால், இப்போது வருகிற கண்டென்சர்களுக்கு இரண்டு வருடம்வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 16 வோல்ட், 25 வோல்ட் மாதிரிச் சின்னவை அதற்கு மேலும் பெரும்பாலும் சமாளிக்கும். கவலை முழுக்க அதிக வோல்டேஜ் தாங்கும் பெரியவற்றைப் பற்றித்தான். கிடக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே, அட்டாலில் போட்டால், நுவரெலியாவிலும் மத்தியான வெயிலில் அங்கே அடுப்பு மாதிரி இருக்கும். சும்மா கிடப்பதும் சூடும் சேர்ந்தால் இரண்டு நோயும் ஒன்றாக.

கோயில் ஆம்ப்ளிஃபயர் வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுப்போம். மாசியில் காமன் கூத்து, அதோடு சரி. போட்டால் உறுமுகிறது. என்ன செய்வது?

தோட்டத்துக்குத் தோட்டம் இந்தக் கதை உண்டு. கொடியேறும் நாளன்று மத்தியானம் லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், “தம்பி, சாயந்தரம் பூசை” என்பார்கள்.

உறுமல் என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் நிற்கும் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன. அதற்கு மாற்றுவதுதான் வழி. ஆனால் போன வருடம் வந்த ஒன்று வேறு கதை. ஐந்து வருடம் திருவிழா நடக்காமல் கோயில் அறையில் கிடந்த ஆம்ப். நல்ல வேளை, யாரும் சுவரில் சொருகிப் பார்க்கவில்லை. அதை எப்படி எழுப்பினேன் என்று சொல்கிறேன்.

10,000 மைக்ரோஃபரட், 63 வோல்ட், இரண்டு. கழற்றி முதலில் ஒவ்வொன்றாக மேசைப் பவர் சப்ளையில் மாட்டினேன், நடுவில் 1 கிலோ ஓம், 5 வாற் தடையி ஒன்றைத் தொடராக வைத்து. 50 வோல்ட் கொடுத்தேன். மல்டிமீற்றரைத் தடையியின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டால் கணக்கு சுலபம்: அங்கே எத்தனை வோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லியம்பியர் ஓடுகிறது. நிரம்ப ஒரு நிமிடம் ஆகும். அதற்கு அப்புறமும் முதல் கண்டென்சரில் 22 வோல்ட் நின்றது. அதாவது 22 மில்லியம்பியர் கசிகிறது. நல்லதில் ஒன்றிரண்டுக்கு மேல் நிற்காது. ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தால் 9. ஒரு மணித்தியாலத்தில் 1.5. இரண்டாவது இன்னும் சீக்கிரம் இறங்கியது. கொள்ளளவு, உள்தடை இரண்டையும் அளந்தேன், சரியாக இருந்தன. அப்படியே திரும்பப் போட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்தும் மீற்றர் இறங்காமல் நின்றாலோ, டின் கையில் சுடத் தொடங்கினாலோ, பாசம் வைக்காமல் பால்மா டின்னுக்குள் போட்டுவிட வேண்டும்.

ஆம்பை முதல் தடவை சுவரில் சொருகும்போது 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக வைத்தேன். உள்ளே ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள சாமான் என்றால் பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட், அணைத்துவிட்டுத் தேடவும்.

கோயில் கமிட்டிக்கு ஒரே வேண்டுகோள்: ஆறு மாதத்துக்கு ஒரு நாள், ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, இரண்டு மணித்தியாலம் ஓட விடுங்கள். பாட்டுப் போடாவிட்டாலும் பரவாயில்லை, சுவிட்ச் போட்டிருந்தால் போதும்.

பல்ப் முறையையும், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர்) வைத்து மெல்ல ஏற்றுவதையும் டிவிக்கும் செய்யலாமா?

செய்யக்கூடாது. டிவி, கம்ப்யூட்டர், டிஷ் பெட்டி எல்லாவற்றிலும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, அதாவது கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்டேஜை மாற்றும் வகை. குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் அது ஒன்று ஸ்டார்ட் ஆகாது, அல்லது அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டம் இழுத்துத் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும். முதல் ஒரு சில வினாடிப் பாதுகாப்புக்குப் பல்ப் உதவும், எழுப்பும் வேலைக்கு உதவாது. பெரிய கண்டென்சரைக் கழற்றித் தனியே எழுப்புவதே சரி. கழற்றுவதென்று ஆகிவிட்டால் புதியதைப் போட்டுவிடலாம், அது வேறு விஷயம்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்பேராக வாங்கி வைத்த மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நான்கு வருடமாகப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. புதுசுதானே?

ரசீதில் மட்டும் புதுசு. இலை வாட்டும் தொட்டி விசிறிகளை ஓட்டும் இந்த டிரைவ்களுக்குள் மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டை நேர்மின்னாக (டி.சி.) மாற்றினால் 565 வோல்ட் அளவு நிற்கும். அதைத் தாங்க 400 வோல்ட் கண்டென்சர்களை இரண்டிரண்டாகத் தொடராகக் கோத்திருப்பார்கள். படலம் இளகியிருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அடி. ஒரு தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்த டிரைவ் பழுதாகி, ஸ்டோரில் இருந்த ஸ்பேரை அவசரத்தில் மாட்டி, சுவிட்ச் போட்ட அடுத்த நிமிடம் வெடித்த சத்தத்தை எனக்கு ஒரு ஃபிட்டர் அண்ணன் கைகொட்டிக் காட்டினார். இலை தொட்டியில் வாடிக் கிடக்க, இரண்டு டிரைவும் போச்சு.

பெரும்பாலான டிரைவ்களின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. பொதுவான முறை, நீண்ட காலம் கிடந்ததை 25, 50, 75, 100 சதவீதம் என்று படிப்படியாக வோல்டேஜ் ஏற்றி எழுப்புவது. படிக்கு எவ்வளவு நேரம் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், கையேடு சொல்வதையே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஸ்பேருக்குச் சுமையில்லாமல் ஒரு மணித்தியாலம் கரண்ட் கொடுத்து, திகதியைப் பெட்டி மேல் எழுதி வைத்தால் இந்தச் சிக்கலே வராது. இன்னொன்று: ஸ்பேர் வைக்கும் ஸ்டோர், தேயிலை காய வைக்கும் டிரையர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

தாத்தா காலத்து வால்வு ரேடியோ. இலங்கை வானொலி கேட்ட பெட்டி. சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம், வேண்டாம். கணக்கப்பிள்ளை வீடுகளில் இருந்து இப்போதும் வருடத்துக்கு ஒன்றிரண்டு வருகின்றன. முப்பது, நாற்பது வருடம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலைட்டிக்கை எழுப்ப முடிந்தாலும் நம்ப முடியாது. திரவமும் போயிருக்கும். அதுபோக, உள்ளே மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருக்கும், அவை எலெக்ட்ரோலைட்டிக் அல்ல, ஆனால் மின்சாரத்தைக் கசிய விடுவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. இரண்டையும் மாற்றுவேன். பழைய தோற்றம் வேண்டுமென்றால் பழைய டின்னைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்து வைக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் அந்தப் பச்சைக் கண் விளக்கு எரிந்து குரல் வரும்போது வீட்டுப் பெரியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாயந்தரம் லயத்தில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. அதனால் கண்டென்சர் கெடுமா?

கெடும், மெதுவாக. எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் போட்டு 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தாலும் டிவி அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். குறைந்த வோல்டேஜில் அதிக மின்னோட்டம் இழுக்கும். பவர் சப்ளையின் முன்வரிசைக் கண்டென்சரில் அலைமின்னோட்டம் ஏறும், சூடு ஏறும். 2022ல் பல மணித்தியால மின்வெட்டு இருந்த காலத்தில் பழுதாகி வந்தவை வேறு மாதிரி: கரண்ட் திரும்ப வரும்போது வரும் குலுக்கலில் ஏற்கனவே தளர்ந்திருந்தவை விழுந்தன. கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

கெட்டதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

சிலதை. மேல் தகட்டில் ஆங்கில K எழுத்து மாதிரியோ பெருக்கல் குறி மாதிரியோ கீறியிருக்கும். அது வெடிக்காமல் வாயு வெளியேற வைத்த வழி. அங்கே உப்பியிருந்தால், பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால், முடிவு தெரிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் தரமில்லாத திரவத்தோடு உலகம் முழுக்கப் போன கண்டென்சர்கள் ஏராளம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் போர்டுகளைத் திறந்தால் வரிசையாக வயிறு உப்பி நிற்கும். சில போர்டில் சோல்டரிங் வைத்தவுடன் மீன் வாடை அடிக்கும், அதுவும் ஒழுகிய அடையாளம்.

ஆனால் அடியில் பசை மாதிரிப் பழுப்பாக இருப்பதெல்லாம் ஒழுகல் இல்லை. ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒட்டிய மஞ்சள் பசை சூட்டில் கருகினால் அப்படித்தான் இருக்கும். கருகிய பசை மின்சாரம் கடத்தத் தொடங்கும், அதனால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

காய்ந்தவற்றில் பெரும்பாலானவை உப்புவதே இல்லை. நுவரெலியா டிவியில் இருந்ததைச் சொன்னேனே. சாதாரண மல்டிமீற்றரில் கொள்ளளவு மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவீர்கள், 22க்கு 19 காட்டும், நல்லது என்று திரும்பப் போட்டுவிடுவீர்கள். ஈ.எஸ்.ஆர். மீற்றர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு மாதத்தில் காசு எடுத்துத் தரும்.

எல்.ஈ.டி. பல்ப் ஏன் ஒரு வருடத்தில் போகிறது? பெட்டியில் பதினைந்து வருடம் என்கிறார்களே.

ஒளிதரும் சில்லு உண்மையிலேயே நெடுங்காலம் இருக்கும். கழுத்துக்குள் இருக்கும் அந்தக் கட்டை விரல் நுனி அளவுக் கண்டென்சர்தான் பல பல்ப்களில் முதலில் போகும். தலைகீழாகத் தொங்கும் பல்ப்பில் சூடு மேலே ஏறி நேராக அங்கேதான் தங்கும். கண்ணாடிக் குடத்துக்குள் போட்டால் இன்னும் மோசம். திறந்த ஹோல்டரில் போடுங்கள்.

ஃபேன் கண்டென்சரும் இதுதானா?

இல்லை, அது பிளாஸ்டிக் ஃபில்ம் வகை, காய்வதற்கு அதில் திரவம் இல்லை. நுவரெலியாவில் ஃபேன் கேட்பவர் யார் என்பது வேறு கேள்வி. பதுளைப் பக்கம் கேட்பார்கள். தண்ணீர் மோட்டாரில் ஸ்டார்ட் கண்டென்சர் என்று தனியாக இருந்தால் அது எலெக்ட்ரோலைட்டிக் வகைதான், சில வினாடி வேலைக்கு மட்டும் செய்தது. மோட்டார் இறுகி எழும்பாமல் முனகிக்கொண்டிருந்தால் அது வெந்துவிடும்.

ஊருக்குப் போகிறோம், ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். டிவியைச் சொருகியே விட்டுப் போகலாமா?

கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு மாதத்தில், ஏன் ஒரு வருடத்தில்கூட, படலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இங்கே இடிக்கிற இடிக்கு, சொருகியபடி கிடக்கும் சாமானுக்கு மின்னல்தான் பெரிய எதிரி. டிஷ் வயரையும் கழற்ற மறக்க வேண்டாம். திரும்பி வந்ததும் மிஸ்ட் ஏறிய வீட்டில் உடனே சுவிட்ச் போடாமல், யன்னலைத் திறந்து ஈரம் காய ஒரு பகல் விடுங்கள்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

105 பாகை. கொள்ளளவு அதேதான், வோல்டேஜ் அதே அல்லது ஒரு படி கூட. ஸ்விட்ச் மோட் இடத்துக்குக் குறைந்த ஈ.எஸ்.ஆர். வகை. பெரிய பெயர் போட்டு மலிவாக வருவதில் போலி உண்டு. ஒரு தடவை சந்தேகப்பட்டு அறுத்துப் பார்த்தேன், பெரிய டின்னுக்குள் சின்ன டின் ஒன்று ஒளிந்திருந்தது. கையில் எடுத்தால் எடையே சொல்லிவிடும். இரண்டு வருடத்துக்கு மேல் கடைத்தட்டில் கிடந்த அதிக வோல்டேஜ் சாமானை, போடுமுன் மேலே சொன்ன 1 கிலோ ஓம் முறையில் தடையியைத் தொடராக வைத்து, அதன் சொந்த வோல்டேஜை ஒரு மணித்தியாலம் கொடுத்து எழுப்பிக்கொள்ளுங்கள்.

நானே மாற்றலாமா?

சோல்டரிங் தெரிந்தால் மாற்றலாம். ஆனால் பவர் சப்ளையில் நிற்கும் பெரியதைத் தொடுமுன் கவனம். 230 வோல்ட் உள்ளே போனால் அதற்குள் 325 வோல்ட் நேர்மின் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். ஸ்க்ரூட்ரைவரை வைத்துத் தட்டிப் பொறி பறக்க விடாதீர்கள், கண்டென்சருக்கும் கெடுதி, கண்ணுக்கும் கெடுதி. 2.2 கிலோ ஓம், 5 வாற் தடையி ஒன்றின் இரண்டு காலிலும் காப்பு வயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில வினாடி பிடித்தால் இறங்கிவிடும். அப்புறம் மீற்றரை வைத்துப் பார்த்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு கை வையுங்கள். உறையில் கோடு உள்ள பக்கம் கழித்தல். போர்டில் உள்ள குறியை, பழையதைக் கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மாற்றிப் போட்டுவிட்டால் முதல் சுவிட்சுக்கு முகத்தைத் தூர வைத்துக்கொள்வது நல்லது.